பச்சையாக ஒளிர்ந்த நோயாளி

ஒரு காட்டில் ஆஸ்பத்திரி ஒன்று நடந்துவந்தது. அதற்குத் தலைவர் பெருங்கருப்பன் என்ற கரடி. சோதனைக்கூடத்தில் டாக்டர் நுண்விழி என்ற தேவாங்கு.

சிற்றடி என்ற சருகுமான் முள்வேலி தாண்டப்போய்ப் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டது. மாசக்கணக்கில் புண் ஆறவில்லை. ஓட முடியாத சருகுமானுக்குக் காட்டில் எத்தனை நாள் ஆயுள் என்று நுண்விழிக்குத் தெரியும். அதனால் இரவுபகலாகப் புது உயிரணுக்களை வளர்த்தது. உள்ளே போனபின் அவை என்ன ஆகின்றன என்று பின்தொடர வேண்டுமே. ஒளிரும் பச்சைச் சாயம் ஏற்றிப் புண்ணில் செலுத்தியது.

மூன்றாம் நாள் நீல விளக்கைக் காட்டினார்கள். புண் பச்சையாக மின்னியது. கரடி பூரித்துப்போய், படிவத்தில் 'ஒளிர்கிறதா?' என்ற கேள்விக்கு நேரே 'ஆம்' போட்டு, குணமாகிவிட்டதென்று முத்திரை குத்தியது. சிற்றடி நொண்டிக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போனது.

நுண்விழிக்கு மனசு கேட்கவில்லை. புண்ணில் எடுத்த ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. அனுப்பிய அணுக்களில் ஒன்றுகூட உயிரோடில்லை. உடம்பின் காவலுக்கு இருந்த வெள்ளையணுக்கள் அவை அத்தனையையும் தின்றுவிட்டு, வயிற்றில் சாயத்தோடு ஜம்மென்று மின்னிக்கொண்டிருந்தன.

கரடியிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னது: "ஐயா, மின்னுவது நாம் அனுப்பினது இல்லை. அதைத் தின்னது."

"மின்னுதான்னுதான் படிவத்துல கேட்டிருக்கு, டாக்டர். யார் மின்னுறாங்கன்னு கேட்கலையே."

அன்றே உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு ஆட்சேப மனு எழுதியது நுண்விழி.

மறுவாரம் பரிசோதனைக்குச் சிற்றடியின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தது ஒரு சிறுத்தை. பல்லிடுக்கிலிருந்து சிற்றடியின் டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்தது. படிவத்தில் இனம் கேட்கும் கட்டம் இல்லாததால் கரடி மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விளக்கைக் காட்டியது, தொண்டைவரை பச்சை. ஓடச் சொன்னது, ஆஸ்பத்திரியை மூன்று சுற்றுச் சுற்றியும் நோயாளிக்கு மூச்சு வாங்கவில்லை. இப்படியொரு குணத்தைத் தன் சர்வீஸிலேயே கண்டதில்லை என்று கரடி நெகிழ்ந்துபோய், படிவத்தைத் தேவாங்கிடம் நீட்டியது.

சிறுத்தை ஒரு முள்ளால் பல் குத்தியபடி, மெதுவாகக் கேட்டது: "டாக்டருக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

நுண்விழி மனுவை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டது. பிறகு கையெழுத்துப் போட்டது. 'பக்கவிளைவு' என்ற இடத்தில் மட்டும், 'பசி கூடியிருக்கிறது' என்று எழுதிவைத்தது.

நீதி: நோயாளியை விழுங்கியவர் எதிரே உட்கார்ந்து பல் குத்தும்போது, அவரையே நோயாளி என்று எழுதிக்கொள்வது வைத்தியர் உடம்புக்கு நல்லது.