முருகன் சந்நிதியில் எடுத்த சர்க்கரைக் கணக்கு

அனுபவசாலிகளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சாதாரண மனிதன் தப்பு செய்தால் தயங்கித் தயங்கிச் செய்வான். அனுபவசாலி மைக் பிடித்துச் செய்வான். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

மலாவியில் பதினோரு வருடம் சர்க்கரை நோய் மருத்துவனாகவும் ஆராய்ச்சியாளனாகவும் இருந்துவிட்டு ஆக்லாந்து வந்தவன் நான். வந்த புதிதில் எதைப் பேசினாலும் "ஆப்பிரிக்காவுல நாங்க..." என்றுதான் ஆரம்பிப்பேன். (பால் வாங்கப் போன டெய்ரியில்கூட. பாவம், அந்தக் கடைக்காரர்.)

எனக்குக் கிடைத்திருந்தது ஆறு மாத ஒப்பந்த வேலை. அது நிரந்தரமானால்தான் விசா. இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சிநேகிதிகளைப் பிடித்திருந்த மகளை இழுத்துக்கொண்டு மறுபடி மூட்டை கட்ட வேண்டும். என் மேலதிகாரி பமேலா, தமிழர்களுக்கு ஒரு பரிசோதனை முகாம் நடத்துங்கள், நானே வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார்.

ஆக்லாந்தில் தமிழர்கள் அதிகமுள்ள மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஞாயிறு காலை முருகன் பூஜை நடக்கும் ஹாலைப் பிடித்தேன். கூட்டம் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும் என்பது என் ஆப்பிரிக்கத் தத்துவம். மனைவி செல்வி நர்ஸ். மலாவியில் என் எல்லா முகாம்களிலும் கூட நின்றவள். உதவிக்கு வரட்டுமா என்று கேட்டாள். இந்தச் சின்ன வேலைக்கு நீ எதற்கு, போய் சாமி கும்பிடு என்று சொன்னேன். (என்ன பெருந்தன்மை!)

முதலில் விரல் நீட்டியவர் சிவஞானம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், தினமும் மலையேறி நடக்கிறவர். இந்த ஊர்க் கணக்கில் பதினொன்றை, அதாவது நம் ஊர்க் கணக்கில் இருநூறை, தாண்டினாலே சர்க்கரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். அவருக்குப் பத்தொன்பது. அடுத்தவருக்கு இருபத்தொன்று. மூன்றாவதாக வந்த மலேசியா டீச்சருக்கு இருபத்து மூன்று. மூளை உள்ளவன் மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பான். எனக்கோ வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. மைக்கைப் பிடுங்கி, இந்த ஹாலே ஆபத்தில் இருக்கிறது என்று அறிவித்தேன். அண்ணையின் மனைவி அழ ஆரம்பித்தார்.

முகாமைப் பார்க்க வந்திருந்த பமேலா அசந்துபோய்த் தானும் விரலை நீட்டினார். இருபத்து நான்கு. அவருக்கு முகம் வெளுத்தது. நான் கனத்த குரலில் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்தேன்.

அப்போதுதான் செல்வி வந்தாள். பமேலாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கில் வாழைப்பழத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கையக் கழுவச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. என் மேஜைக்கு வந்த ஒவ்வொருவரும் குருக்களிடம் உள்ளங்கையில் பஞ்சாமிர்தம் வாங்கி, விரலை நக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். வெல்லமும் தேனும் ஒட்டிய விரலை நான் ஸ்பிரிட் பஞ்சால் சும்மா ஒரு தடவு தடவிவிட்டுக் குத்தியிருக்கிறேன். அத்தனை நேரமும் நான் அளந்தது முருகனின் சர்க்கரையை.

மலாவியில் மாம்பழக் காலத்தில் இதே கூத்து நடக்கும். அதனால்தான் 'சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்த பிறகே ரத்தம் எடு' என்று அங்கத்திய முகாம் கையேட்டில் முதல் விதியாக எழுதினேன். ஆமாம், கையேட்டை எழுதிய மேதை நானேதான். ஆனால் பதினோரு வருடமும் வாசலில் வாளியும் சோப்புமாக நின்று ஒவ்வொருவரையும் கழுவ வைத்தது செல்வி. நான் என் அனுபவம் என்று பீற்றிக்கொண்டதில் பாதி அவளுடையது. அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுபடி மைக் பிடித்து, எல்லோரும் போய்க் கை கழுவுங்கள் என்று ஈனஸ்வரத்தில் சொன்னேன். கழுவி வந்த பமேலாவுக்கு ஐந்தரை. அண்ணைக்கும் கிட்டத்தட்ட அதுதான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டொக்டர், அரை மணித்தியாலம் எனக்குச் சாவைக் காட்டிப்போட்டீங்கள். நான் சுகமா இருக்கிறன் எண்டு இப்பவாவது சொன்னீங்களே, சந்தோசம்."

இரண்டு வாரத்தில் பமேலாவிடமிருந்து கடிதம் வந்தது. முகாம்களைப் பொறுப்பெடுத்து நடத்த நிரந்தர வேலை. செல்விக்கு.

விசாவும் அவள் பெயரில்தான் வந்தது. நான் அதில் கணவன் என்ற வகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நான் "ஆப்பிரிக்காவுல..." என்று வாயைத் திறந்தால் போதும், மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "அப்பா, ஹேண்ட்ஸ்" என்கிறாள். போன ஞாயிறு பாபகூராவில் செல்வியின் முகாம். அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் சோப்போடு நான் நின்றேன்.