நின்றால் சூடு, ஓடினால் குளிர்

இனி எந்த மெக்கானிக் வாசலையும் மிதிப்பதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காருக்குள் வெந்துகொண்டிருந்தபோது. ஏசி சுடுகாற்றை ஊதியது. குமிழைத் திருகினார். தட்டினார். கடைசியில் வாய்விட்டு ஏசியும் பார்த்தார். ஏசி ஏசி என்ன பயன்? அது அசையவில்லை.

"ஊர்ல உள்ளவங்க கண்ணுக்கெல்லாம் என்ன கோளாறுன்னு சொல்றேன். இந்த டப்பாவுக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியாதா?"

"அது முன்னாடி எழுத்துப் பலகையை மாட்டிப் பாருங்க. எது வரைக்கும் படிக்குதுன்னு தெரியும்," என்றாள் மனைவி.

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். எதையும் பார்த்தவுடன் சொல்லிவிட மாட்டாள். ஒரு சொட்டு எடுத்து, வைத்து, காத்திருந்து பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் காரை வெளியே எடுக்கும்போது கேட்டில் லேசாக உரசிவிட்டாள். "உனக்கு எதுக்கும்மா இந்த டென்ஷன்?" என்று அவர் அன்பாகச் சாவியை வாங்கிக்கொண்டார். அந்த அன்பு இன்றுவரை அவர் பையில்தான் இருக்கிறது. அவள் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள்.

முதல் வாரம், கேஸ் கசிகிறது என்று முடிவு கட்டினார். சோப்பு நுரையைக் குழாய் குழாயாகத் தடவினார். ஒரு குமிழிகூட எழும்பவில்லை. கார் மட்டும் மணத்தது. அடுத்த வாரம் ஃபில்டரைக் கழற்றினார். அதிலிருந்து சருகு, இறகு, எப்போதோ தொலைந்த சில்லறை எல்லாம் வந்தன. குளிர் வரவில்லை.

மூன்றாவது யோசனையை ஒரு வீடியோவில் பிடித்தார். கார் ஓடும்போது எப்படி, நிற்கும்போது எப்படி என்று அளந்து பார்க்க வேண்டுமாம். கடைச்சுவரில் இருந்த தெர்மாமீட்டரைக் கழற்றிவந்து, ஒரு கையால் அதைக் காற்று வரும் துளையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஓட்டினார். தெருமுனைக் குப்பைத்தொட்டி நல்லவேளையாகக் காலியாக இருந்தது.

"நான் வேணா ஓட்டட்டுமா? நீங்க நிம்மதியா அளந்து பாருங்க," என்றாள் அவள், டார்ச் பிடிக்கட்டுமா என்று கேட்பது போல.

அவர் யோசித்தார். ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் உதவியாளர் வேண்டும்தான்.

"மெதுவா. ரொம்ப மெதுவா. நான் சொல்ற மாதிரி மட்டும்."

"சரிங்க."

வண்டி ரெண்டு முறை குலுங்கி நின்றது. மூன்றாவது முறை நகர்ந்தது. வழக்கமாகக் கத்தியிருப்பார். இப்போது கண் தெர்மாமீட்டரில் இருந்ததால் கத்த மறந்துவிட்டார்.

அப்புறம் ஞாயிறுதோறும் ஆராய்ச்சி நடந்தது. யோசனைகள் மெல்ல மெல்ல அவள் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தன.

"மேட்டுல நிறுத்தி எடுத்தா எஞ்சின் திணறும்ல? அப்ப ஏசி எப்படின்னு பார்க்க வேண்டாமா?"

"பார்க்கணும், பார்க்கணும். ஹேண்ட் பிரேக்கைப் பிடி. இப்ப மெதுவா விடு... சபாஷ்."

"ரெண்டு காருக்கு நடுவுல நிறுத்திப் பார்ப்போமா? ரெண்டு பக்கமும் அனல் அடிக்குமே."

"நல்ல பாயிண்ட். உடைச்சுத் திருப்பு. இன்னும், இன்னும்."

"ரிவர்ஸ்ல?"

"ரிவர்ஸுக்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம்?"

"காத்து எதிர்ப்பக்கமா வருமே!"

அசந்துபோனார். இது எந்த வீடியோவிலும் வரவில்லை. கடைவீதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ரிவர்ஸிலேயே போய் அளந்தார்கள்.

பக்கத்து இருக்கையில் அவர் அதிகம் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் மனைவி வேறு மாதிரி தெரிந்தாள். திரும்பும்போது உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தாள். லாரியை முந்தியதும் தனக்குத்தானே ஒரு சின்னச் சிரிப்பு. ஓட்டிக்கொண்டே நிறையப் பேசினாள். லேபில் தன்னை மேற்பார்வைக்குப் போட்டிருப்பதாகவும், இனி விடியற்காலையே போக வேண்டும் என்றும் சொன்னாள். இதை அவள் வீட்டிலும் சொல்லியிருக்கிறாளாம். அவர் காதில் விழவில்லை.

தூரப்பார்வைக்கு ஒரு கண்ணாடி, கிட்டப்பார்வைக்கு ஒரு கண்ணாடி என்று ஊருக்கே விற்கிறவருக்கு அன்று ஒரு விஷயம் உறைத்தது. "கொஞ்சம் கொண்டுபோய் விடறீங்களா?" என்று அவள் கேட்பாளே, அப்போது அவர் முகத்தைச் சுளிப்பார், மணியைப் பார்ப்பார், பெரிய மனசு பண்ணிச் சட்டையை மாட்டுவார். அவள் அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் சாவியை வைத்திருந்தாரோ? கேட்காமலே போய்விட்டால், தான் வீட்டில் எதற்கு? அந்த நினைப்பு ஏசியைவிடச் சூடாக இருந்தது. கண்ணாடியை இறக்கி அதை வெளியே விட்டார்.

அன்றே விடையும் கிடைத்தது. நெடுஞ்சாலையில் ஓடும்போது ஜில்லென்று வந்த காற்று, சிக்னலில் நின்றதும் கொதித்தது.

"நின்னா சூடு, ஓடினா குளிர்! ஓரமா நிறுத்து, நிறுத்து!"

அழகாக ஓரம் கட்டினாள். அவர் பானெட்டைத் திறந்து குனிந்தார். ஏசிக்கென்று முன்னால் தனியாக இருக்கும் விசிறி சுற்றவே இல்லை.

"பார்த்தியா! ஓடும்போது எதிர்க்காத்து அடிக்குது, குளிருது. நின்னா விசிறிதான் சுத்தணும், சுத்தலை! ஃப்யூஸ் போயிருக்கு. எந்த மெக்கானிக்கும் இல்லாம நானே..."

அவள் இறங்கிவந்து கைப்பையைத் திறந்தாள். புத்தம் புதிய ஃப்யூஸ் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"இது... எப்ப வாங்கினே?"

"நீங்க சோப்பு நுரை தடவிக்கிட்டிருந்தீங்களே, அந்த வாரம். பக்கத்துல நின்னு பார்த்தேன், விசிறி சுத்தலை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா ரிவர்ஸ் யாருங்க கத்துக் குடுத்திருப்பா?"

ரோட்டோரத்தில் அவர் நெடுநேரம் ஃப்யூஸைப் புரட்டிக்கொண்டு நின்றார். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் பிடித்தாலும் அது தன் பக்கமே திரும்பியது. கடைசியில் குனிந்து ஃப்யூஸைச் செருகினார். விசிறி சுற்றியது. போய்ப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்தார். பையில் இருந்த இன்னொரு சாவியையும் எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினார்.

"கடைப்பக்கமா போறியா? என்னைக் கொஞ்சம் கொண்டுபோய் விடறியா?"

அவள் மணியைப் பார்த்தாள். "லேப்ல மூணு பேரை வழியில ஏத்திக்கறேன்னு சொல்லிட்டேனே. பரவாயில்ல, ஏறுங்க. பின்னாடி நடுவுல உட்கார்ந்துக்குவீங்கல்ல?"

உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் எல்லாரும் ஏசி பிரமாதம் என்றார்கள். பின்சீட்டு நடுவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.