காரணம் எழுதவும்

பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. பன்றிக்கறியை இப்போதே போடுவதா, பட்டாணி கரைந்த பிறகா என்று ரூலோஃபுக்குத் தெரியவில்லை. செய்முறை போனில் இருந்தது. போன் பூட்டிக்கொண்டது.

'இன்றைய ஒரு மணி நேரம் முடிந்தது. கூடுதல் நேரத்துக்குக் காப்பாளருக்குக் காரணம் எழுதவும்.'

அகப்பையை வாயில் கவ்விக்கொண்டு எழுதினான்: 'சூப். அவசரம்.'

சூப் அடிபிடிக்கும் வாசனை வந்தபோது பதில் வந்தது. 'பத்து நிமிடம் அனுமதி. தீயைக் குறைக்கவும்.'

குறைத்தான். சபை மூப்பர் ஹில்பெர்ட்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஐந்து பெண்களை வளர்த்தவர்.

இந்த ஏற்பாடே ஹில்பெர்ட்டுடையதுதான். மூன்று வாரத்துக்கு முன் சபைக் கூடத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டி, காப்பி கொடுத்து, ஒரு தாளைப் பார்த்துப் படித்தார்.

"பிள்ளைங்க கையில போனக் குடுத்துட்டு நாம தூங்கிட்டா, நாளைக்கு ஆண்டவர் நம்மளத்தான் கேப்பாரு. பெரியவங்களும் சேர்ந்து அடங்குங்க. சந்தேகம்னா காப்பாளருக்கு எழுதுங்க."

எல்லாரும் ஒரே செயலியைப் போட்டுக்கொண்டார்கள். அன்று ரூலோஃபின் மூக்குக்கண்ணாடி அவன் வேலை செய்யும் கம்பளத் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டது. தன் போனையும் மகளிடமே நீட்டினான். செயலி கேட்டதற்கெல்லாம் மினா இரண்டிலும் அழுத்தித் தந்தாள். பதினைந்து வயதுக்காரி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவன் போன் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது. மினாவின் போன் பூட்டிக்கொள்ளவேயில்லை.

"யாருக்கு எழுதற?" என்றான், சூப்பை ஊற்றியபடி.

"யாருக்கும் இல்லப்பா." போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ரூலோஃப் ஜெபம் சொன்னான். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்தான். மனைவி அலைடா இருந்தவரை அவள்தான் வாசிப்பாள், நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்பாள். அவள் போய் ஒன்றரை வருஷம். இவன் நிறுத்துவதில்லை. முடித்து, மூடி, "வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" என்பான். "ம்" என்று மினா மாடிக்குப் போய்விடுவாள்.

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து எழுதினான்: 'மகளுடைய போன் பூட்டுவதில்லை. பழுதா என்று பார்க்கவும்.'

இடைவேளை மணி அடித்தபோது பதில் வந்தது. 'கவனிக்கிறோம்.'

பூட்டவில்லை. மறுபடி எழுதினான்: 'அவள் எப்போதும் போனிலேயே இருக்கிறாள். ஒரு மணி நேரத்தை அரை மணியாக்கவும்.'

மறுநாள் அவனுடைய ஒரு மணி நேரம் அரை மணியாகிவிட்டது. கீழே குறிப்பு: 'ஒழுங்கு வீட்டுத் தலைவரிடமிருந்து தொடங்கட்டும், சகோதரரே.'

அடுத்த தறிக்காரன் எட்டிப் பார்த்தான். "என்னய்யா, நாப்பத்தோரு வயசுல போனுக்கு லீவு லெட்டர் எழுதற?"

"சபை ஒழுங்கு."

"எங்க வீட்லயும் அதே சபைதான். நான் எழுதறதில்லையே?"

"நீ அடங்காதவன்," என்றான் ரூலோஃப்.

ஞாயிற்றுக்கிழமை போன்களுக்கு ஓய்வு. பிரசங்கத்தின் இரண்டாம் பகுதி தொடங்கியதும் மினா அவன் பக்கம் பாராமலே ஒரு பெப்பர்மின்ட்டை உள்ளங்கையில் வைத்தாள். முன்பு அது அலைடாவின் வேலை. அவன் வாயில் போட்டுக்கொண்டான். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

திங்கள்கிழமை காப்பாளருக்கு நீளமாக எழுதினான். செயலியின் பெட்டிக்குள் அடங்கவில்லை, மூன்று துண்டாக அனுப்பினான். மகள் தன்னோடு பேசுவதில்லை. யாரோடோ எழுதிக்கொண்டே இருக்கிறாள். பையனாக இருக்கலாம். அவள் அம்மா இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பதில் வர மாலையாயிற்று. 'நீங்கள் அவளோடு பேசினீர்களா?'

'தினமும். வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்கிறேன்.'

'அது பேச்சு இல்லை, சகோதரரே.'

ரூலோஃபுக்குச் சுருக்கென்றது. விளக்கி நான்கு துண்டு அனுப்பினான். தலையைத் தூக்கினால், சோபாவில் மினா போனுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். இவன் எழுத எழுத அவள் நிலைமை மோசமாகிக்கொண்டுதான் போனது. அதையும் எழுதி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை அலைடாவின் பிறந்தநாள். வேலை முடிந்து காரில் உட்கார்ந்தபோது அரை மணி தீர்ந்திருந்தது. போனில் ஒரு படம் உண்டு. பனிக்கட்டியான வாய்க்காலில் அலைடா சறுக்கக் கிளம்பி, விழுந்து, உட்கார்ந்தபடியே சிரிப்பாள். பத்தொன்பது நொடி.

'பத்தொன்பது நொடி போதும்' என்று எழுதினான். காரணம் கேட்ட இடத்தில், 'அலைடா.'

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பிறகு பதில் வந்தது.

'இன்று நேரக் கணக்கு இல்லை.'

பதினோரு தடவை பார்த்தான். வீட்டுக்குப் போனால் மினாவின் கண் சிவந்திருந்தது.

"சளியா?"

"ஆமா."

"எனக்கும்," என்றான்.

மகளுக்கு ஏதாவது நல்லதாகச் சமைக்க வேண்டும் என்று தோன்றியது. திங்கள்கிழமை வேலை முடிந்து புறப்படும்போது காப்பாளரைக் கேட்டான்: 'என் மகள் என்ன சமைத்தால் சாப்பிடுவாள்?'

'பட்டாணி சூப் தவிர எதுவும்' என்று உடனே வந்தது.

கொஞ்சம் வருத்தத்தோடு காரை எடுத்தான். பேருந்து நிறுத்தத்தில் மினா தனியாக நின்றிருந்தாள். கையில் போன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அலைடாவின் அதே சிரிப்பு. எவனோ ஒருவனுக்குக் கிடைத்திருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டினான். "குடு."

"எதுக்குப்பா?"

"யாரு அவன்?"

"சொன்னா கோவப்படுவீங்க."

"இப்ப மட்டும் சிரிச்சுக்கிட்டா இருக்கேன்? குடு."

கொடுத்தாள். "அப்புறம் கஷ்டப்படுவீங்கப்பா."

"நானா?"

"நீங்கதான்."

போனை அலமாரி இழுப்பறையில், கரண்டிகளின்மேல் போட்டு மூடினான்.

அதோடு காப்பாளரும் மௌனமாகிவிட்டார். வேலையிடத்திலிருந்தே கேள்விகளை அனுப்பினான். உருளைக்கிழங்கு வேக எவ்வளவு நேரம் என்று கேட்டான். பதில் இல்லை. பாவாடை மடிப்பைத் தேய்ப்பது எப்படி என்று கேட்டான். இல்லை. 'மகளிடமிருந்து போனை வாங்கிவிட்டேன். செய்தது சரிதானே?' என்று கேட்டான். அதற்கும் இல்லை. இரண்டு நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகப் போயிற்று. மினா முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசக்கூடிய ஒருவரும் பேசவில்லை. வீட்டில் இத்தனை அமைதி இருப்பதே அவனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

புதன்கிழமை மூப்பர்களின் வருடாந்தர வீட்டுச் சந்திப்பு. ஹில்பெர்ட்டும் கோப் என்ற கிழவரும் கறுப்புக் கோட்டில் வந்தார்கள். சந்திப்புகளில் கோப் பேசி யாரும் கேட்டதில்லை. பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். மினா காப்பி வைத்துவிட்டு ஓரமாக அமர்ந்தாள்.

"எப்படியப்பா இருக்க?" என்றார் ஹில்பெர்ட்.

ரூலோஃபால் அடக்க முடியவில்லை. "நீங்கதான் சொல்லணும். ரெண்டு நாளா ஏன் எனக்குப் பதில் போடல?"

"எதுக்குப் பதில்?"

"பொண்ணு கைவிட்டுப் போயிடுவாளோன்னு பயந்துபோயி எழுதறேன். ராப்பகலா எவனோ ஒரு பையனுக்கு எழுதறா. கேட்டா சொல்லமாட்டேங்கறா. உங்களத் தவிர எனக்கு யாரு இருக்கா? அன்னிக்கு அலைடா பொறந்தநாளுக்கு எவ்ளோ நல்லா எழுதினீங்க!"

ஹில்பெர்ட் காப்பிக் கோப்பையை வைத்தார். "நான் எழுதலையேப்பா. எங்கிட்ட போனே கிடையாது."

"நீங்கதானே காப்பாளர்?"

"எனக்குத் தாளைப் படிக்கத்தான் தெரியும்."

"அப்ப இது யாரு?" ரூலோஃப் போனை எடுத்தான். எழுதினான்: 'மூப்பர்கள் வந்திருக்கிறார்கள். நீங்கள் யார்?' அனுப்பினான்.

அலமாரிக்குள் கரண்டிகள் கிணுகிணுத்தன.

எல்லாரும் அலமாரியைப் பார்த்தார்கள். மினா தரைக் கம்பளத்தைப் பார்த்தாள். அவள் காது இரண்டும் சிவந்திருந்தன.

'யார்?' என்று மறுபடி அனுப்பினான்.

கரண்டிகள் மறுபடி கிணுகிணுத்தன.

கோப் பெப்பர்மின்ட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"ரூலோஃப்," என்றார், "அவ ராப்பகலா எழுதிக்கிட்டிருந்த அந்தப் பையன் நீதாம்ப்பா."