நாலு மணிக்குள் ஆறு அட்டை

"ஃபேனை யாரு போட்டது?" என்று அகராதிக்காரர் அலறியபோது ஆறு அட்டைகளும் கட்டிலுக்கடியில் இருந்தன.

"வேர்த்துக் கொட்டுதேன்னு நான்தான்..." என்று இழுத்தாள் மனைவி.

"போச்சு! ஸ்டிகோஸ் போச்சு!"

ஸ்டிகோஸ் பழைய கிரேக்கச் சொல். வரிசை என்று பொருள். எந்த வரிசை என்பதில்தான் அவருக்கு ஒன்பது வருஷம் கரைந்திருந்தது. படைவீரர் அணி, மர வரிசை, கப்பல் வரிசை, சுவரில் ஒரு வரி செங்கல், ஏட்டில் ஒரு வரி எழுத்து, செய்யுளில் ஓர் அடி. ஒவ்வொன்றும் ஓர் அட்டை. நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வருவார். எது முந்தி, எது பிந்தி என்று அதற்குள் தீராவிட்டால், அந்தச் சொல் இல்லாமலே அகராதி அச்சேறிவிடும்.

"நம்பர் போட்டு வெச்சிருக்கலாமில்ல?"

"முடிவாகாம நம்பர் போடறது பாவம்டி!"

அட்டைகளைப் பொறுக்கித் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த போர்வை, கப்பல்களை நிஜமாகவே தண்ணீரில் இறக்கியது.

"ஆளுக்கு ஒண்ணா பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில நில்லுங்க!" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டார்.

"நான் ஏன் படை?" என்றாள் மனைவி.

"உனக்குப் பொருத்தமா இருக்கு."

"போயும் போயும் எனக்குச் செங்கல்லா அத்தான்?" என்றான் மச்சான்.

மகளுக்கு மரம். எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் கப்பல். தண்ணீர் கேன் போட வந்தவருக்கு எழுத்து. கூட்டத்தைப் பார்த்து வாசலில் தயங்கிய ஒரு மீசைக்காரர், "சார், ஒரு நிமிஷம்..." என்பதற்குள் அவர் கையில் செய்யுள்.

"அப்புறம் பேசலாம். கடைசிப் படி. அசையக்கூடாது!"

தையல்காரர் ஏறினார். மகள் இறங்கினாள். மச்சான் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, "செங்கல் கனக்குது அத்தான்" என்றான். ஒருவழியாக வரிசை அமைந்தது. ஆறு அட்டையிலும் நம்பர் விழுந்தது.

மணி நாலே முக்கால்.

அகராதிக்காரர் அச்சகத்துக்குப் போன் போட்டார். "எங்காள் எப்பவோ கிளம்பிட்டாரே சார்! அஞ்சரைக்கு மெஷினை ஓட்டிடுவோம்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒன்பது வருஷம்... ஒரு ஆள் சொன்ன நேரத்துக்கு வர்றதில்ல பாரு."

மனைவி படையைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டாள். "எழுந்திருங்க. நானே ஓடிப்போய்க் குடுத்துட்டு வரேன்."

கடைசிப் படியில் மீசைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், இப்பவாவது அசையலாமா? அச்சகத்து பைக் நாலு மணியிலேர்ந்து கீழதான் நிக்குது."