டிராஃப்ட் என்ற சொல் அச்சில் விழாதது குறித்து மச்சானுக்கு ஒரு விளக்கம்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர்.
அக்டோபர், 2004.

என்றும் என் மதிப்புக்குரிய மச்சான் திரு. டேரில் அவர்களுக்கு, தங்கள் தங்கை பிரிஜெட்டின் கணவன் மைக்கேல்ராஜ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தேவமாதாவின் பரிந்துரையால் இங்கே நானும் மகள் லவினாவும் நலம். பிரிஜெட்டும் நலமே, என்னோடு பேசுவதில்லை என்பது தவிர. சந்தாபுராவில் தாங்களும் அக்கா ஜூடித்தும் அவ்வாறே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் டெலிபோனை எடுத்திருந்தால் இப்படி நம்பிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். லவினாவின் கல்யாண அழைப்பிதழும் ரிசப்ஷன் நிகழ்ச்சி நிரலும் என்று எண்ணித் தாங்கள் உறையைப் பிரித்துப் படித்திருக்கக்கூடிய அந்தக் காகிதம், அழைப்பிதழும் அல்ல, நிகழ்ச்சி நிரலும் அல்ல. அது டிராஃப்ட். அதன் குறுக்கே, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வரை, டிராஃப்ட் என்று பெரிய சாம்பல் நிற எழுத்தில் இருக்கிறது. தாங்கள் பார்த்த பிரதியில் அது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

தாங்கள் அறிந்தபடி நான் ஃபாக்டரியில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்து ரிடையர் ஆனவன். அங்கே முத்திரை இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம் என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. இப்போது லவினா கால் சென்டர் சம்பளத்தில் சீனு என்கிற பையனிடம் சொல்லி ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி வைத்திருக்கிறாள். பகலில் அவள் தூங்குகிற நேரத்தில் அது சும்மாதானே கிடக்கிறது என்று நானே உட்கார்ந்து டைப் அடித்துப் பழகினேன். அப்போதுதான் ஃபார்மேட் என்ற மெனுவுக்குள் பேக்கிரவுண்ட் என்றும், அதற்குள் பிரிண்டட் வாட்டர்மார்க் என்றும் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். பெயரிலேயே பிரிண்டட் என்று இருப்பதைக் கவனிக்கவும். இவ்வளவு உறுதியாகச் சொல்கிற ஒன்று பிரிண்ட் ஆகாது என்று யார்தான் சந்தேகப்படுவார்கள்? அதில் டிராஃப்ட் என்ற சொல்லைப் போட்டுத் திரையில் பார்த்தேன், அழகாக இருந்தது. அழைப்பிதழை அடித்தேன், நிகழ்ச்சி நிரலை அடித்தேன், அங்கங்கே எனக்கு ஞாபகம் வருவதற்காகச் சில குறிப்புகளையும் அடித்தேன். "அண்ணனுக்கு ஒரு காப்பி அனுப்புங்க, பேரு ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லட்டும்" என்று பிரிஜெட் சொன்னாள். அனுப்பினேன். குறிப்புகளை ஏன் நீக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். பிரிஜெட்டும் கேட்டாள். குறுக்கே டிராஃப்ட் என்று இருக்கும்போது அதற்குக் கீழே இருக்கிற எதுவும் எழுதினவனுடைய அபிப்பிராயம் ஆகாது. ஃபாக்டரியில் இதுதான் சட்டம்.

அந்தக் குறிப்புகள் என்னவென்று இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருவது என் கடமை. முதலாவது, மணமகளின் தாய்மாமன் என்று தங்கள் பெயர் வருகிற இடத்தில், "இவருக்குப் பட்டம் ஏதாவது உண்டா? இல்லாவிட்டால் வெறும் திரு" என்று இருக்கும். இது மரியாதை. பட்டம் இருந்து நாம் போடாமல் விட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதியது. அடுத்தது, ரிசப்ஷனில் மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்கிறவர் என்ற இடத்தில், "டேரில் மச்சான், வேறு ஆள் கிடைக்காவிட்டால்" என்று இருக்கும். வேறு ஆள் யாரும் கிடைக்க மாட்டார்கள், தங்களுக்கு ஈடாக இந்தக் குடும்பத்தில் ஒருவரும் இல்லை என்பதுதான் இதன் பொருள். மூன்றாவது, "சுருக்கமாகப் பேசச் சொல்ல வேண்டும், யார் சொல்வது?" என்பது. இதற்கு விளக்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபிரேசர் டவுன் ஹாலில் தாங்கள் டோஸ்ட் சொல்லிக்கொண்டிருந்தபோது கரன்ட் போய், ஜெனரேட்டர் போட்டு, மறுபடி கரன்ட் வந்து, கேட்டரிங்காரர்கள் பிரியாணி அண்டாவைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார்களே, அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அனுப்பியாகிவிட்டது. என்னிடம் இருந்த இன்னொரு பிரதியை ஃபிரிட்ஜ் மேலே வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் முட்டை எடுக்க வந்த பிரிஜெட் அதை எடுத்துப் படித்தாள். படிக்கும்போதே முட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். அப்போதே எனக்குக் கொஞ்சம் தெரிந்துபோயிற்று.

"என்னாங்க இது?"

"டிராஃப்ட்."

"எங்க டிராஃப்ட்டு? எங்க போட்டிருக்கு? இதையா அண்ணனுக்கு அனுப்பிச்சீங்க?"

வாங்கிப் பார்த்தேன். காகிதம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தங்கள் பெயர், அதன் பக்கத்தில் பட்டம் பற்றிய சந்தேகம், எல்லாம் நல்ல கறுப்பு எழுத்தில், வழவழவென்று, கல்யாணத்தன்று டேபிளுக்கு டேபிள் கொடுக்கிற மாதிரியே இருந்தது. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதில் டிராஃப்ட் இருக்கிறது. பிரிண்ட் கொடுத்தேன். இல்லை. திரும்பத் திரையைப் பார்த்தேன். இருக்கிறது. பிரிஜெட்டைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "இதை எடுத்துக்கிட்டுப் போயி அண்ணன்கிட்ட காட்டுங்க" என்றாள். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் எப்படிப் போவது? உடனே தங்களுக்கு டெலிபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் செய்தேன், சாயங்காலம் செய்தேன். தாங்கள் எடுக்கவில்லை. அப்போதே புரிந்துகொண்டேன். தங்கள் இடத்தில் நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அன்று பிரிஜெட் அடுப்படியில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அப்பா இல்லாத எனக்கு அண்ணன்தான் கையைப் பிடிச்சு ஆல்டர் வரைக்கும் கூட்டிட்டு வந்து உங்ககிட்ட குடுத்துது. கோட்டு கூட கடன் வாங்கின கோட்டு, கை பத்தாம இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே நடந்துது. அந்த ஆளுக்குப் பட்டம் இருக்கான்னு கேட்டிருக்கீங்க நீங்க. அண்ணன் வரலேன்னா நான் கோயிலுக்கு வர மாட்டேன். நீங்களும் உங்க பொண்ணும் போயி கல்யாணத்தை முடிச்சுக்கிட்டு வாங்க." இதைச் சொல்லிவிட்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்த துணியைக் கடையிலிருந்து திரும்ப வாங்கி வந்துவிட்டாள். மச்சான், அவள் கோபம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் வெட்டாத துணியை அவள் மடித்துப் பெட்டியில் வைத்து நான் பார்த்ததில்லை.

ஆகவே என் நிரபராதித்தனத்தைக் காட்ட ஒரே வழி, டிராஃப்ட் என்ற சொல்லைக் காகிதத்தில் வரவழைப்பதுதான் என்று தீர்மானித்தேன். முதலில் அடுத்த வீட்டு இளங்கோவனிடம் போனேன். அவர் பேங்கில் கேஷியராக இருந்தவர், வாட்டர்மார்க் பார்ப்பதே தொழிலாக இருந்தவர். காகிதத்தை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, விரலால் ஒரு சுண்டு சுண்டி, "சாரி சார், இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு சீனுவைக் கூப்பிட்டேன். வந்தான், பிரிண்டரைத் திறந்தான், மூடினான். "கிரே கலர் ரொம்ப லைட்டா வெச்சிருக்கீங்க சார், பிரிண்டருக்குக் கண்ணு தெரியல. ஸ்வல்ப டார்க் பண்ணுங்க, சரியாப் போவும்" என்றான். டார்க் பண்ணினேன். வரவில்லை. கறுப்பாக்கினேன். வரவில்லை. சிவப்பாக்கி எழுத்தையும் பெரிதாக்கினேன். திரையில் மணமகன் பெயரே தெரியாத அளவுக்கு டிராஃப்ட் என்று ரத்தச் சிவப்பில் நிற்கிறது, காகிதமோ முதல் நன்மை வாங்கக் கோயிலுக்குப் போகிற பிள்ளையின் உடுப்பு மாதிரி வெள்ளை வெளேரென்று வருகிறது. சீனு கார்ட்ரிட்ஜை மாற்றினான், கேபிளை மாற்றினான், விண்டோஸையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். அதில் லவினா சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் போய்விட்டன. ஆகவே இப்போது லவினாவும் என்னோடு பேசுவதில்லை. கடிதத்தின் தொடக்கத்தில் அவள் நலம் என்று எழுதியது உடல் நலத்தைப் பற்றி மட்டும்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை நோயல் வந்தார். தங்களுக்குத் தெரியும், அதிகம் பேசாத பையன். கல்யாணப் பெண்ணும் பெண்ணின் அம்மாவும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்க, நான் மட்டும் ஹாலில் வெள்ளைக் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்கு வியர்த்துவிட்டது.

"அங்கிள், கல்யாணம் இருக்குதானே?" என்று கேட்டார்.

"வாட்டர்மார்க் வந்தால் இருக்கு" என்றேன்.

உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த மெனுவை விட்டுவிட்டு டூல்ஸ் என்பதற்குள் போனார், அதில் ஆப்ஷன்ஸ், அதில் பிரிண்ட். அங்கே ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அங்கிள், இந்த டிராஃப்ட் அவுட்புட்டுங்கிறதை யார் டிக் பண்ணது?"

"நான்தான். முதல் நாளே போட்டேன். சீனு எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போனானே, அப்புறமும் மறக்காமல் நானேதான் போட்டேன். டிராஃப்ட்தானே அடிக்கிறோம்?"

நோயல் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா அல்லது வியர்வையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. விஷயம் இதுதான் மச்சான். டிராஃப்ட் அவுட்புட் என்று டிக் போட்டால், அது அவசரத்துக்கு அடிக்கிற நகல்தானே என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, படம், அலங்காரம், வாட்டர்மார்க் எல்லாவற்றையும் விட்டுவிடுமாம். அதாவது, டிராஃப்ட்டாக அடி என்று நான் சொன்ன காரணத்தினாலேயே டிராஃப்ட் என்ற சொல்லை அது அடிக்கவில்லை. டிக்கை எடுத்தால், டிராஃப்ட் இல்லை, நல்ல பிரதி என்று எண்ணிக்கொண்டு டிராஃப்ட் என்று அடிக்கும். இதை இரண்டு முறை நிதானமாகப் படித்தால் தங்களுக்குப் புரியும். எனக்கு நோயல் இரண்டு முறை சொன்னார். டிக்கை எடுத்தார், பிரிண்ட் கொடுத்தார். வந்தது பாருங்கள், காகிதம் முழுக்கச் சிவப்பாக, எதிர்வீட்டிலிருந்து படிக்கலாம் போல. நான் அதைப் பிரிஜெட்டின் கதவுக்கு அடியில் தள்ளினேன். கதவு திறந்தது. "இதை மொதல்ல கொண்டுபோயி அண்ணன் கையில குடுங்க" என்றாள். என்னோடு அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

உடனே பஸ் ஏறிச் சந்தாபுரா வந்தேன். தங்கள் வீடு பூட்டியிருந்தது. தட்டினேன், "மச்சான், டிராஃப்ட் வந்துடுச்சு" என்று ஜன்னல் பக்கம் நின்றும் சொல்லிப் பார்த்தேன். எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் முனிராஜ் எட்டிப் பார்த்து, "அவுங்க ஊர்ல இல்ல சாரே, போயிட்டு வர நாளாவும்" என்றார். ஒரு நல்ல மனிதரைத் தாங்கள் இப்படிப் பொய் சொல்ல வைத்திருக்க வேண்டாம். வெளியே பூட்டைத் தொங்கவிட்டு உள்ளே இருக்கிற அளவுக்குத் தங்களை நான் புண்படுத்திவிட்டேன் என்பதை நினைத்தபோது, பக்கத்து வீட்டுக் குழாயடியில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிராஃப்ட் என்று சிவப்பில் வந்த பிரதியைத் தங்கள் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினேன்.

மச்சான், பட்டம் வேண்டாம், திருவும் வேண்டாம், தாய்மாமன் என்ற ஒன்றே போதும். டோஸ்ட் தாங்கள்தான் சொல்கிறீர்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், பிரியாணியை அதற்குத் தகுந்தபடி தாமதமாகவே ஏற்றச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் வந்தால்தான் பிரிஜெட் கோயில் படி ஏறுவாள், அவள் ஏறினால்தான் லவினா ஏறுவாள். தங்கள் தங்கையின் பிளவுஸ் துணி இன்னும் பெட்டியில் இருக்கிறது.

தங்கள் இல்லத்தில் சமாதானமும், அக்கா ஜூடித்துக்கு முழங்கால் சுகமும் நிலைக்க மாதாவை மன்றாடுகிறேன். பிரிஜெட்டின் அன்பும் லவினாவின் முத்தங்களும் இத்துடன். அவர்களைக் கேட்காமல்தான் எழுதுகிறேன், ஆனால் கேட்டால் கொடுப்பார்கள்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
மைக்கேல்ராஜ்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுகிற நேரத்தில் தபால்காரர் வந்தார். தங்களுக்கு நான் முதலில் அனுப்பிய உறையே "கதவு பூட்டியுள்ளது" என்று எழுதப்பட்டு, பிரிக்கப்படாமல் திரும்பி வந்திருக்கிறது. கூடவே தாங்கள் வேளாங்கண்ணியிலிருந்து போட்ட கார்டு. லவினாவின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு நேர்ச்சைக்குப் போயிருப்பதாகவும், சனிக்கிழமை திரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிரிஜெட் அதைப் படித்துவிட்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு, "அப்ப அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது!" என்று என்னிடம் பேசவும் செய்தாள். ஒரு நிமிடம் மிகவும் சந்தோஷமாக இருந்தோம். அதற்குப் பிறகுதான் தங்கள் கதவுக்கு அடியில், அந்தக் குறிப்புகளோடு நான் தள்ளிய பிரதி இருவருக்கும் ஞாபகம் வந்தது.

மறுபடி பஸ் ஏறிச் சந்தாபுரா வந்து, இப்போது முனிராஜ் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குடைக் கம்பியால் அந்தக் காகிதத்தை வெளியே இழுத்துப் பார்த்தேன். அது இன்னும் உள்ளே போய்விட்டது. கதவு இடுக்கில் பார்த்தால், இப்போது நேராகத் தங்கள் ஹால் நடுவில், எழுத்துப் பக்கம் மேலே பார்த்தபடி கிடக்கிறது. வேறு வழி தெரியாததால் இந்தக் கடிதத்தையும் அதே வழியாகத் தள்ளுகிறேன். தயவுசெய்து இதை முதலில் படிக்கவும்.