கூறைப்புடவையில் இறங்கிய பூச்சிகள்

என் அக்கா புருஷன் தயாளன் ஒரு பொய்யர்.

மரியாதைக்கு 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அவர் ஒரு கதையை எடுத்துவிடுகிறார். அந்தக் கதையில் முட்டாள் நான், அப்பாவி அவர். நான் முட்டாள் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அவர் அப்பாவி என்பதுதான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

போன வாரம் அக்கா பையனுக்குக் காது குத்து. பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவரைப் பாதியில் நிறுத்தி, அவருக்கும் சொன்னார்.

"எனக்கு கேம்னா இன்னான்னே தெரியாதுப்பா. மச்சான் அட்டை குடுத்தான், தறியில மாட்டினேன், நெய்ஞ்சேன். சாமி சத்தியமா அது அன்னப்பறவைன்னுதான் நெனச்சேன்."

சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் சிரித்தார். பிறகு என் இலைக்கு வந்து, என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா மகள் தன்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, இருக்கிற கேம்லயே உனக்கு ரொம்பப் புடிச்சது எது?" என்று கேட்டாள். அவள் போனில் யாரோ ஒருத்தன் உலகத்தின் தலைசிறந்த கேம்கள் என்று பட்டியல் போட்டிருந்தான். மலை, மழை, குதிரையின் பிடரி மயிர் எல்லாம் நிஜம்போல அசைந்தன. என் கேம் ஒன்றுகூட அதில் இல்லை. அவனுக்கு என்ன தெரியும்?

எனக்குப் பிடித்தவை மூன்று.

முதலாவது, கையில் பிடித்து ஆடும் செங்கல் கேம். கருட சேவைத் திருவிழாக் கடையில் அழுது வாங்கியது. மேலிருந்து துண்டுகள் விழும், இடுக்கில்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடி ஆடி எனக்கு உலகமே கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. பஸ்ஸில் ஏறினால் எந்த மாமாவை எங்கே திருப்பி உட்காரவைத்தால் வரிசை நிரம்பும் என்று யோசிப்பேன். (ஒருமுறை ஒருவரிடம் சொல்லியும் விட்டேன். ஸ்ரீபெரும்புதூர் வரை நின்றுகொண்டே போனேன்.)

இரண்டாவது, டிவியில் கேசட் செருகி ஆடும் டாங்கி கேம். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். நடுவில் இருக்கும் கழுகை எதிரியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். நானும் அக்கா கவிதாவும்தான் கூட்டாளிகள். நான் தோற்கிற மாதிரி இருந்தால் அக்கா எங்கள் கழுகை அவளே சுட்டுவிடுவாள். கேட்டால், "எவனோ சுடுறதுக்கு நானே சுட்டுக்கிறேன்" என்பாள். அவள் குணம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு அப்போதே தெரிவித்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் என் வாழ்க்கையை நாறடித்தது. வானத்திலிருந்து பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கும். கீழே ஒரு சின்ன பீரங்கி. இடம், வலம், சுடு. பூச்சி தரையைத் தொட்டால் கதை முடிந்தது. இதில் அக்காவை யாராலும் ஜெயிக்க முடியாது. அவள் கட்டைவிரல் மட்டும்தான் அசையும், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் திரும்ப மாட்டாள்.

இந்தக் கேம்களால் என்ன பிரயோஜனம் என்று அப்பா கேட்காத நாளில்லை. பிரயோஜனம் இருந்தது. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலைக்கு ஆள் தேடினார்கள். அந்த வேலையே கட்டம்தான். ஒரு கட்டம் கறுத்தால் அட்டையில் ஒரு ஓட்டை, ஒரு ஓட்டைக்குத் தறியில் ஒரு இழை தூக்கும். மயிலோ மாங்காயோ, எல்லாமே கட்டத்தில் உட்கார வேண்டும். முதலாளி ஒரு ருத்ராட்சக் கரையைப் போடச் சொன்னார், போட்டேன். "எங்கடா கத்துக்கினே?" என்றார். செங்கல் கேமில் என்று சொல்லவில்லை. (அப்போது கொஞ்சம் புத்தி இருந்தது.)

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் தயாளன். கூறைப்புடவையை மாப்பிள்ளையே நெய்வது என்று பேச்சு. முந்தி டிசைனை நான் போடுகிறேன் என்று சபையில் எழுந்து சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுந்தேன்.

வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல போட்டா அன்னம் கோழி மாதிரி இருக்கும்பா. கூறைக்கெல்லாம் அது ஆவாது."

அக்கா உள்ளே இருந்து வந்தாள். "என் தம்பிதான் போடணும். அவன் போடலன்னா எனக்குக் கூறையே வேணாம்."

அம்மா அக்காவைக் கிள்ளினாள். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரிம்மா, போடட்டும். ஆனா கூறை தறியில இருக்கிற வரைக்கும் பொண்ணு வீட்டு ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக்கூடாது. எங்க வீட்டு வழக்கம்."

தலையாட்டினோம். எந்த வீட்டு வழக்கம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அக்கா எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். நான் ஒழுங்காகப் போட வேண்டும். போட்டேன். அன்னம் மட்டும் வரவில்லை. கழுத்தை வளைத்தால் பாம்பு, நிமிர்த்தினால் பெரியம்மா சொன்ன அதே கோழி. எங்கள் வேலையில் ஒரு வழி உண்டு. உருவம் சரியாக வராவிட்டால், அந்த இடத்தில் வேறு எதையாவது நிரப்பி, முந்தி முழுக்க வரிசை சரியாக உட்காருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். எல்லாரும் ஒரு புள்ளியோ பூவோ வைப்பார்கள். எனக்குக் கைக்கு வந்தது பூச்சி. இரண்டு கொம்பு, இரண்டு கண், வளைந்த கால்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. வரிசை வரிசையாக நிரப்பினேன். பீரங்கி வைக்கவில்லை. அளவு பார்க்கத்தானே, அதற்கு எதற்குப் பீரங்கி? (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம் அன்னத்தையும் ஒருவழியாக வரைந்து முடித்தேன். நல்ல அன்னம். கழுத்து கழுத்தாகவே இருந்தது. ஆனால் அட்டை அடிக்க அனுப்பியது பூச்சி இருந்த ஃபைலை. இரண்டுக்கும் 'அக்கா' என்றே பெயர் வைத்திருந்தேன். ஓட்டை போட்ட அட்டையைப் பார்த்து அதில் அன்னமா பூச்சியா என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டை மாப்பிள்ளை வீட்டுத் தறிக்கு ஏறியது. எட்டிப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை.

முடிந்து வந்த புடவை மடித்தபடி வந்தது. மடிப்புக் கலையாமல் காமாட்சி கோயிலில் வைத்து எடுத்தார்கள். மண்டபத்தில் தாம்பாளத்தில் வைத்து ஆள் ஆளாகக் கொண்டுபோனார்கள். பெரியவர்கள் எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு மஞ்சள் அரிசி போட்டார்கள். பூச்சிக்கூட்டத்தை ஊரே ஆசீர்வாதம் செய்தது. நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடம், "டிசைன் நான்தான்" என்றேன். அவர் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

அக்கா கூறை கட்டிக்கொண்டு வந்தாள். அரக்குப் பட்டு, ஜரிகை பளபளத்தது. தோளிலிருந்து தொங்கிய முந்தியைப் பார்த்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு பூச்சி என்னைப் பார்த்தது.

முன்வரிசையில் பெரியம்மா முன்னால் குனிந்தார். "இன்னாடி இது, நண்டா?"

"நண்டு இல்ல பெரியம்மா. எட்டுக்கால் பூச்சி."

"ரெண்டும் இல்லப்பா. கொம்பு இருக்குது பாரு. நந்தி" என்றார் பின்னால் இருந்த தாத்தா.

"நந்திக்கு எங்கப்பா இத்தினி காலு?"

போட்டோ எடுக்கிறவர்தான் கிட்டத்தட்ட சரியாகச் சொன்னார். "அக்கா, அந்த ரோபோ தெரியிற மாதிரி கொஞ்சம் திரும்புங்க."

அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "டேய், அன்னம் எங்கடா?"

"வரும்மா" என்றேன். (எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவில்லை.)

பெரியம்மா எழுந்துவிட்டார். "நான் அன்னிக்கே சொன்னேன். நிறுத்துங்கப்பா, வேற பொடவை கட்டிக்கினு வரட்டும்." ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அக்கா கட்டிக்கொண்டது நான் போட்ட டிசைன், அவள் பிடிவாதம் பிடித்து வாங்கியது. அதை இப்போது அவிழ்த்து வரச் சொன்னால் அவள் திரும்பி வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கழுகை அவளே சுட்டுவிடுவாள்.

அப்போது மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் சொன்னார். "நல்லாத்தான இருக்குது பெரியம்மா. உக்காருங்க. நேரம் ஆகுது."

பெரியம்மா உட்கார்ந்தார். மந்திரம் தொடர்ந்தது. அக்கா மணையில் உட்கார்ந்து முந்தியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் கட்டைவிரல் மட்டும் மடியில் அசைந்தது. சுடு, சுடு, சுடு. எனக்குத்தான் அது என்று நினைத்தேன். தாலி கட்டிக் கெட்டிமேளம் ஓய்வதற்குள் மண்டபத்தை விட்டு இறங்கினேன். சாப்பிடாமல் வீட்டுக்கு ஓடிவிட்டேன். என் அக்கா கல்யாணத்துச் சாப்பாடு எனக்குத் தெரியாது. நன்றாக இருந்ததாம்.

அதற்கப்புறம் முதலாளி என்னை முந்தியிலிருந்து எடுத்துவிட்டார். வெகுநாள் ருத்ராட்சக் கரைக்குப் புள்ளி மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யார் புதுப்புடவை பிரித்தாலும் அம்மா, "பூச்சி இருக்குதா பாத்துக்கோங்கம்மா" என்பாள். சொந்தத்தில் என் பெயரே பூச்சி. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வாசலில் நின்று, "பூச்சி இருக்கானா?" என்று கேட்கிறார்கள். இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று நம்பியதால் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது காது குத்துக்கு வருகிறேன். தன்யாவிடம் மூன்றாவது கேமை விளக்கிக்கொண்டிருந்தேன். பூச்சி எப்படி இருக்கும் என்று கேட்டாள். வீட்டுக்குப் போனதும் அக்காவின் பீரோவிலிருந்து கூறையை எடுத்துவந்து தரையில் விரித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்தப் புடவையைப் பார்த்ததே இல்லை. பார்க்கத் தைரியமில்லை.

"மாமா, இது பூச்சி. சரி. கீழ இருக்குதே, இது இன்னா?"

முந்தியின் அடிவரிசைக்கும் கீழே, ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று ஜரிகையில் மின்னியது. பீரங்கி.

என் டிசைனில் பீரங்கி கிடையாது. அட்டையில் இல்லாததைத் தறி தானாக நெய்யாது. இழையைக் கையால் தூக்கி, ஜரிகையைக் கையால் கோத்துத்தான் அதைப் போட முடியும். அன்னப்பறவை என்று நினைத்தவர் அன்னத்துக்குக் கீழே எதற்குப் பீரங்கி வைத்தார்?

இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன். பீரங்கிக்கு நேர் மேலே, மூன்றாவது வரிசையில், ஒரு பூச்சியைக் காணோம். அந்த இடம் மட்டும் வெறும் அரக்குப் பட்டு. நான் இடம் விடாமல் நிரப்பிய வரிசை அது. அந்த ஒரு பூச்சிக்கு மட்டும் ஜரிகையே ஓட்டாமல் விட்டிருக்கிறார்.

தறியில் உட்கார்ந்து இந்த ஆள் கேம் ஆடியிருக்கிறார்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாருக்கா இதைப் போட்டது?"

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்றாள். புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். நிச்சயம் ஆனதும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் போனில் பேசினார்களே, என்ன பேசினார்கள் என்று கேட்டேன். பீரோவைப் பூட்டினாள். கட்டைவிரலால் சாவியை ஒரு தட்டு தட்டினாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருக்கும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்படியானால் மணையில் அசைந்த அந்தக் கட்டைவிரல் எனக்கானது இல்லை. பக்கத்தில் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாரே, அவருக்கானது. அவர்கள் இரண்டு பேரும் என் பூச்சிகளை வைத்து ஊர் முன்னால் ஒரு ஆட்டம் ஆடி முடித்துவிட்டார்கள். நான் பட்டினியோடு வீட்டுக்கு ஓடினேன்.

இந்த மூன்று கேமும் ஏன் முக்கியம் என்று தன்யா கேட்டாள். முதலாவது எனக்கு வேலை கொடுத்தது. இரண்டாவது என் அக்கா யார் என்று எனக்குக் காட்டியது. மூன்றாவது அவளுக்குச் சரியான புருஷனைக் கொடுத்தது. இதை நான் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், யாரும் நெகிழ வேண்டாம்.

தயாளன் மாமா, நம் குடும்ப குரூப்பில் மொத்தச் சொந்தமும் இருக்கிறது. வாலாஜாபாத் பெரியம்மாவும் இருக்கிறார், தினமும் ரோஜாப்பூ அனுப்புகிறார். தனியாக என்னைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டுச் சமாளிக்க வேண்டாம். கும்பிடுகிற கை பொம்மை போட்டு நழுவ வேண்டாம். அங்கே, எல்லாரும் பார்க்க, எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

மூன்றாவது வரிசையில் இருந்த பூச்சியைச் சுட்டது யார்?