டபுள் லொக் பவுன் விற்ற கதை

இலங்கை மலையகத்தில் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டிய பயத்தை ஒரே ஆள் வாங்கி வைத்துக்கொண்டார் என்றால், அது டபுள் லொக்தான். இடி இடித்தால் பயம். இடிக்காவிட்டால், ஏன் இன்னும் இடிக்கவில்லை என்று பயம்.

டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டோருக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுப் பழகிய கை, வீட்டுக்கும் அப்படியே போட்டது. இரண்டு சாவியும் ஓரிடத்தில் இருப்பது ஆபத்தென்று ஒன்று அவர் இடுப்பில், மற்றது மனைவி மரகதத்தின் இடுப்பில். சண்டை வந்தால் சமாதானமாகும்வரை இருவரும் வாசலில்தான். சொந்தப் பெயர் என்னவென்று அவரைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை.

நான் ஹட்டனில் ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கத்தைப் பொறுத்தவரை எனக்குத் தெரியாத விதிமுறை இன்னும் எழுதப்படவில்லை. அதனால்தான் ஒருநாள் காலை டபுள் லொக் என் வீட்டுக்கு வந்து, ஜன்னலை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"சேர், ஒரு ஆளுகிட்ட தங்கம் இருந்தா, அத விக்கிறது எப்பிடி?"

"எந்த ஆளு?"

"ஆளு யாருங்கிறது வேணாம் சேர்."

"நீங்கதானே?"

"மெதுவாப் பேசுங்க சேர்."

விஷயம் இதுதான். அவருடைய தாத்தா அந்தக் காலத்துப் பெரிய கங்காணி. அவர் விட்டுப்போன தங்கப் பவுன் காசுகளும், வெள்ளித் தண்டையும் சந்தனக் கிண்ணமும் ஒரே வாரிசான இவரிடம் வந்து சேர்ந்திருந்தன. விற்க வேண்டிய காரணம் வீட்டுக்குப் பின்னால் நின்றது. தோட்டத்து ஓரத்தில் தனியாகக் கட்டிய வீடு. போன மழையில் அதன் பின்புறச் சரிவில் ஒரு வெடிப்பு விழுந்தது. பார்க்க வந்த அதிகாரிகள் சிங்களத்தில் "மெஹே இன்ன எப்பா", இங்கே இருக்க வேண்டாம், என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். வேறு எங்கே இருப்பது என்பது அவர்களுடைய பிரிவுக்குள் வராது போலும். கொட்டகலையில் சமதரையில் ஒரு சின்ன வீடு விலைக்கு இருந்தது. அடுத்த மழைக்கு முன் காசைக் கட்டினால் அது இவருக்கு.

அவர் வாழ்நாளில் பட்ட பயங்களில் நியாயமானது இது ஒன்றுதான். அதைக் கவனிக்க மற்றப் பயங்கள் அவரை விடவில்லை.

நான் முறைப்படி சொன்னேன். காசுகளைப் புளி போட்டு விளக்கக் கூடாது. பழைய காசு சேர்ப்பவர்கள் அமைந்தால் தங்க விலைக்கு மேலும் தருவார்கள். இரண்டு கடையிலாவது விலை கேட்க வேண்டும். கண்ணெதிரில் நிறுக்க வேண்டும். விலை பேசுமுன் உருக்க விடக் கூடாது. வெள்ளியைத் தனியாக விற்க வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு குண்டுமணி கைமாறக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"இங்க ஹட்டன்லயே எனக்குத் தெரிஞ்ச நகக்கடைக்குப் போங்களேன்," என்றேன்.

"உள்ள கொண்டுபோயி வேல பாக்குறாங்க சேர். உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப கொழும்புக்குப் போங்க. செட்டியார் தெரு பூரா நகக்கடைதானே."

"ரயில்ல தூங்கிட்டேன்னா?"

"தூங்காதீங்க."

"முழிச்சிருந்தா, இவன் ஏன் முழிச்சிருக்கான்னு பாப்பானுங்க."

"பேங்க்ல அடகு வச்சிருங்க. நம்பிக்கையான இடம்."

"நீங்க இருந்தவரைக்கும் சரி சேர். இப்பதான் நீங்க அங்க இல்லையே."

பணியில் இருந்த காலத்தில் யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

அதன் பிறகு தினமும் ஃபோன். தங்கம் என்ற சொல் அவர் வாயில் வராது. எல்லாம் மரக்கறிப் பெயர்தான்: தங்கத்துக்குக் கரட், வெள்ளிக்கு லீக்ஸ். "கரட் இன்னைக்கு ஏறியிருக்கா சேர்?" என்பார். பஸ்ஸில் இருந்தும் பேசுவார். பின் ஸீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மரக்கறி வியாபாரி ஒருவர், விசாரித்துக்கொண்டு லொறியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, தாத்தா காலத்துக் கரட்டுன்னு சொன்னீங்களே, அது எங்க போட்டிருக்கீங்க?"

டபுள் லொக் கதவைச் சாத்தியவர், அன்று முழுக்க வெளியே வரவில்லை. அன்றோடு வீட்டு இரும்புப் பெட்டியிலும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

மழை மேகம் கூடத் தொடங்கியதும் நானே புறப்பட்டுப் போனேன். வெடிப்பைக் காட்டினார். கையை விட்டால் முழங்கை வரை போகும். நேர் கீழே சமையலறைக் கூரை.

"இந்த வாரமே வித்துருங்க," என்றேன்.

"வித்துர்றேன் சேர். யாருகிட்டங்கிறது மட்டுந்தான் முடிவாகல."

தோட்டத்து வீட்டுக்குப் போன விருந்தாளி வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஒரு பக்கட் தேயிலைத் தூள் கைக்கு வந்துவிடும். மரகதமும் அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். டபுள் லொக் அப்போது வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். ஹட்டனில் இறங்கிய நான், அவருக்காக விலை விசாரிக்க அந்த நகைக்கடைக்கே போனேன். என் வீட்டில் தூளுக்குக் குறைவில்லை. தோட்டத்து நல்ல தூள் என்று சொல்லிப் பக்கட்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பொழுது சாயும் நேரம் ஃபோன் அடித்தது.

"சேர், அந்தத் தூள்ல தேத்தண்ணி ஊத்திட்டீங்களா?"

"இல்லையே."

"அப்பாடா. அதுக்குள்ளதான் கரட் இருக்கு சேர். பெட்டியில வச்சா எடுத்துருவானுங்கன்னு தூளுக்குள்ள பொதச்சு, பக்கட்ட மறுபடி ஒட்டி வச்சேன். இவகிட்ட சொல்லல. பயந்துருவா."

"அத நான் நகக்கடைக்காரருக்குக் குடுத்துட்டேனே."

அந்தப் பக்கம் ஃபோன் கீழே விழுந்த சத்தம். பிறகு மரகதத்தின் குரல்.

"சேர், என்ன சொன்னீங்க? மனுஷன் தரையில உக்காந்துட்டாரு."

கடைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. கடைக்காரரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எத்தனையோ பேரின் தங்கம் என் கையால் போய் வந்திருக்கிறது. ரசீது இல்லாமல் போனது இது ஒன்றுதான். போனது தங்கம்கூட இல்லை, கொட்டகலை வீடு. அந்தச் சரிவின் கீழ் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அன்றைக்கென்று தூறலும் பிடித்துக்கொண்டது. அன்றிரவு டபுள் லொக்கைப் போல நானும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன்.

காலையில் கடை திறக்குமுன் மூன்று பேரும் வாசலில் நின்றோம். கடைக்காரர் வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, மூணு பேரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

உள்ளே கூட்டிப்போய், பையில் இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசையில் அவிழ்த்தார். காசுகளில் தூள் ஒட்டியிருந்தது.

"ராத்திரி வீட்டுல பக்கட்ட வெட்டுனா, கரண்டியில டங்குன்னுச்சு. ஃபோன் கடையிலயே கெடந்துபோச்சு, சொல்ல வழியில்ல. நிறுக்கலங்க. ஒங்க சாமான், நீங்க இருக்கத்தானே நிறுக்கணும்."

டபுள் லொக் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மரகதத்தை எண்ணச் சொன்னார். சரியாக இருந்தது.

"தூளு?" என்று கேட்டார்.

"அது குடிச்சிட்டோம். நல்ல தூளு."

டபுள் லொக் முடிச்சைத் துணியோடு கடைக்காரர் பக்கம் தள்ளினார். "நிறுத்துருங்க."

இரண்டாவது கடையிலும் விலை கேட்பதுதான் முறை என்று நான் மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

"வேணாம் சேர். எடுக்கிறதுன்னா இவருக்கு ராத்திரி முழுக்க இருந்துச்சு. இன்னொரு கடைக்காரன இப்பிடி எப்பிடிச் சோதிச்சுப் பாக்குறது? அதுக்கு என் ஒடம்பு தாங்காது."

அப்படி ஒரு பரிசோதனை நான் படித்த விதிகளில் இல்லை. மறுநாள் வெள்ளியும் அதே கடைக்குப் போயிற்று.

அவர்கள் கொட்டகலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மழை வந்தது. சரிவு இறங்கிப் பழைய வீட்டின் சமையலறையை மண்ணால் நிரப்பிற்று. உள்ளே ஆளில்லை. செய்தி கேட்டு நான் பேசியபோது, "பாத்தீங்களா சேர், நான் அப்பவே சொன்னேன்ல," என்றார். அவ்வளவு பயத்தில் ஒன்றாவது பலித்த பெருமை அவர் குரலில் இருந்தது.

சமதரையில் பயப்பட அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே இப்போது என் வீட்டை எடுத்துக்கொண்டார். என் வீட்டுப் பின்பக்கம் ஒரு மண்மேடு இருக்கிறது. ஹட்டனில் தூறல் விழுந்தால் போதும், ஃபோன் வந்துவிடும்.

"மேட்டுல தண்ணி ஊறுதான்னு பாருங்க சேர். மழ விட்டதும் சொல்லுங்க, வச்சிர்றேன்."

மழை விடும்வரை ஃபோனை வைக்கமாட்டார். மரகதத்தின் முழங்கால், கொட்டகலை பஸ், கரட் விலை என்று, இந்தத் தடவை உண்மைக் கரட்தான், பேசிக்கொண்டே இருப்பார். என் மனைவி காலமான பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். மழை விட்டு வெகுநேரம் ஆன பின்னும், சில நாட்களில் "இன்னும் விடலங்க" என்று சொல்லிவிடுகிறேன்.